மேற்பூச்சு அல்ல, குணம்: மனக்காயங்களோடு கர்த்தரிடம் செல்கிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எரேமியாவின் புத்தகம் 6ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தில், ஜனத்தை மேய்க்கவேண்டிய ஆசாரியர்கள்மேலும் தீர்க்கதரிசிகள்மேலும் கர்த்தர் ஒரு குற்றச்சாட்டை வைக்கிறார். சமாதானம் இல்லாதிருந்தும் "சமாதானம், சமாதானம்" என்று சொல்லி, ஜனத்தின் காயங்களை அவர்கள் மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்பதே அது. இந்த வசனத்தை நாம் போதுமான அளவு வாசிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மனம் உடைந்து சபைக்கு வருகிறவருக்கு நாம் முதலில் கொடுப்பது "ஜெபம்பண்ணுங்கள், மன்னித்துவிடுங்கள், மறந்துவிடுங்கள்" என்ற மூன்று சொற்களைத்தான். முதல் இரண்டும் வேதாகமம் சொல்லுகிற காரியங்களே. ஆயினும் காயம் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று பாராமல் சொல்லப்படும்போது அவையும் மேற்பூச்சாகிவிடுகின்றன.

"இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்குகிறார், அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார்" என்று சங்கீதம் 147:3 கர்த்தரைக் குறித்துச் சொல்லுகிறது. காயத்தைக் கட்டுகிறவர் அதைத் திறந்து, கழுவி, பிறகே கட்டுவார். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறது. ஒவ்வொரு படிக்கும் இத்தனை நாள் என்று கணக்கு எதுவும் இல்லை; சிலருக்கு ஒரே படியில் பல மாதங்கள் செல்லலாம், முன்பு கடந்த படிக்குத் திரும்பி வரவேண்டியதாகவும் இருக்கலாம்.

தொடங்குவதற்கு முன்: பாதுகாப்பும் உடலும்

உங்களைக் காயப்படுத்துகிறவர் இன்னும் காயப்படுத்திக்கொண்டிருக்கிறார் என்றால், முதலில் செய்யவேண்டியது அந்த இடத்தைவிட்டு விலகிப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதே. சவுல் ஈட்டியை எறிந்தபோது, அதைச் சகித்துக்கொண்டு அரண்மனையிலேயே இருப்பதுதான் விசுவாசம் என்று தாவீது எண்ணவில்லை. அன்று இராத்திரியே தப்பி ஓடினான் (1 சாமுவேல் 19:10). வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பொறுத்துக்கொள்வதே சிலுவை சுமப்பது என்று யாராவது உங்களுக்குப் போதித்திருந்தால், அந்தப் போதனையை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது காரியம் உடல். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாவைக் கேட்கிறான். கர்த்தர் அவனுக்கு உடனே பிரசங்கம் செய்யவில்லை. அவன் நித்திரைபண்ணினான், தூதன் அவனைத் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டினான், அவன் புசித்து மறுபடியும் படுத்துக்கொண்டான், தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிப் புசிக்கச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, அதன்பின் நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்த பிறகுதான் வருகிறது. ஆகவே வாரக்கணக்கில் உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை, அன்றாட வேலைகளைச் செய்ய முடியவில்லை என்ற நிலையில் இருக்கிறவர், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது. பவுலோடு இருந்த லூக்காவே "பிரியமான வைத்தியன்" என்று அழைக்கப்பட்டவன்தான் (கொலோசெயர் 4:14). உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால், இந்த வழிகாட்டியை வைத்துவிட்டு, இன்றைக்கே ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அவசர மருத்துவ உதவியை நாடுங்கள்.

படி 1: காயத்துக்குப் பெயரிடுங்கள்

2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில் தாமார் தன் சொந்தச் சகோதரன் முறையான அம்னோனால் கெடுக்கப்படுகிறாள். அவள் மௌனமாய்ப் போகவில்லை. தலையின்மேல் சாம்பலைப் போட்டுக்கொண்டு, வஸ்திரத்தைக் கிழித்து, சத்தமிட்டு அழுதுகொண்டு போனாள். ஆனால் அண்ணன் அப்சலோம் அவளிடம் சொன்னது என்ன? மவுனமாயிரு, அவன் உன் சகோதரன், இதை மனதில் வைக்காதே என்பதுதான். தகப்பனாகிய தாவீது கோபம் மட்டும் கொண்டார். தாமார் அப்சலோமின் வீட்டில் தனித்துக் கிலேசப்பட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டுகள் கழித்து அப்சலோம் தன் வேலைக்காரரைக்கொண்டு அம்னோனைக் கொல்லச்செய்தான். "மனதில் வைக்காதே" என்று தங்கைக்குச் சொன்னவனே அதை மனதில் வைத்திருந்தான். பெயரிடப்படாத காயம் ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் பகுதியை நான் வாசித்ததில்லை.

ஆகவே ஒரு தாளை எடுத்து, யாருக்கும் காட்டவேண்டியதில்லை என்ற உறுதியோடு, நான்கு காரியங்களை எழுதுங்கள். என்ன நடந்தது, அதைச் செய்தவர் யார், அதனால் நீங்கள் இழந்தது என்ன, அதிலிருந்து உங்களைப்பற்றி நீங்கள் வந்தடைந்த முடிவு என்ன. முதல் மூன்றும் பெரும்பாலும் வந்துவிடும். நான்காவதில்தான் பேனா நின்றுபோகும். தகப்பனால் எப்போதும் பிறரோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட பிள்ளைக்கு, அந்த வார்த்தைகள் வளர்ந்தபின் அநேகமாக மறந்தே போயிருக்கும். ஆனால் "நான் எதைச் செய்தாலும் போதாது" என்ற தீர்ப்பு மறக்காது. திருமணத்திலும், அலுவலகத்திலும், ஜெபத்திலும்கூட அது உடன்வரும். தேவனிடம் போகும்போதும் அந்தப் பிள்ளை தன் தகப்பனின் முகத்தையே எதிர்பார்த்துப் போகும். நடந்த நிகழ்ச்சியை யாராலும் மாற்ற முடியாது. அது விட்டுச்சென்ற தீர்ப்பை மாற்ற முடியும், குணமாகுதலில் பெரும்பகுதி அதுதான்.

ஒரு எச்சரிக்கை: சிறுவயதுப் பாலியல் கொடுமை, போர், கண்முன் கண்ட மரணம் போன்றவற்றைத் தனியாக உட்கார்ந்து தோண்டவேண்டாம். எழுதத் தொடங்கியதும் உடல் நடுங்குகிறது, அந்தச் சம்பவம் இப்போதே நடப்பதுபோல் இருக்கிறது என்றால், நிறுத்திவிட்டு, பயிற்சிபெற்ற ஆலோசகர் ஒருவரின் துணையோடு மட்டும் தொடருங்கள்.

படி 2: புலம்பிச் ஜெபிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சங்கீத புத்தகத்திலுள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். ஆயினும் நம்முடைய ஜெபங்களில் துதியும் விண்ணப்பமும் இருக்கிற அளவுக்குப் புலம்பல் இருப்பதில்லை; தேவனிடம் முறையிடுவது அவருக்கு விரோதமாக முறுமுறுப்பது என்று நாம் பயப்படுகிறோம். முறுமுறுப்பு தேவனைக் குறித்துப் பிறரிடம் பேசுவது. புலம்பல் தேவனிடமே பேசுவது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

பழகுவதற்கு 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்குமுறை வருகிறது: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர் என்று தாவீது நேராகவே கேட்கிறார். அடுத்த இரண்டு வசனங்கள் விண்ணப்பம். கடைசி இரண்டும், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற அறிக்கை. இதே அமைப்பில் உங்கள் சொந்த வார்த்தைகளால் ஒரு ஜெபத்தை எழுதுங்கள். படி 1இல் எழுதியவற்றைப் பெயர் சொல்லி, ஆண்டு சொல்லி, முகம் சொல்லி அதற்குள் கொண்டுவாருங்கள். துரோகம் செய்தவர் நண்பர் என்றால் 55ஆம் சங்கீதம் இன்னும் பொருந்தும். நிந்தித்தவன் சத்துருவாய் இருந்திருந்தால் சகித்திருப்பேன், என் தோழனாகிய நீயல்லவா என்று அங்கே ஒருவர் குமுறுகிறார்.

கடைசிப் பகுதியாகிய நம்பிக்கை அறிக்கை உங்களுக்கு வரவில்லை என்றால், வராததை வந்ததாகக் காட்டவேண்டாம். 88ஆம் சங்கீதம் நம்பிக்கையில் முடியவில்லை. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் இருள் என்று பொருள்படுவதுதான். அப்படிப்பட்ட பாடலும் வேதாகமத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அந்த இருளிலும் அதை எழுதியவர் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கியிருக்கிறார், அது போதுமானதாய் இருந்திருக்கிறது.

இப்படி ஜெபிக்கிறவரைச் சபையும் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும். பிள்ளையில்லாத அன்னாள் மனங்கசந்து, உதடுகள் மட்டும் அசைய ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று எண்ணினார். அவள் மறுத்து, கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்று பதில் சொன்னாள். பின்பு அவள் போய்ப் போஜனஞ்செய்தாள், அப்புறம் துக்கமுகமாயிருக்கவில்லை என்று 1 சாமுவேல் 1:18 சொல்லுகிறது. அப்போது அவளுக்குப் பிள்ளை இன்னும் பிறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 3: காயம் சொன்ன தீர்ப்பைக் கிறிஸ்துவின் முன் வையுங்கள்

ஏசாயா 53ஆம் அதிகாரம், வரப்போகிறவரை "துக்கம் நிறைந்தவர்" என்றும் மனுஷரால் புறக்கணிக்கப்பட்டவர் என்றும் வர்ணிக்கிறது. சுவிசேஷங்களில் அது எப்படி நிறைவேறியது என்று உங்கள் காயத்தின் பக்கத்திலிருந்து வாசித்துப்பாருங்கள். நெருங்கியவன் முத்தத்தினால் காட்டிக்கொடுத்தான், துணையாயிருக்கக் கேட்ட மூவரும் தூங்கிப்போனார்கள், பொய்ச்சாட்சி சொன்னார்கள், வஸ்திரங்களை உரிந்து அவமானப்படுத்தினார்கள், சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அவரே 22ஆம் சங்கீதத்தின் புலம்பலை எடுத்துச் சொன்னார். கிறிஸ்தவ விசுவாசத்தில் குணமாகுதல் என்பது, வலியைத் தூரத்திலிருந்து பார்த்து ஆலோசனை சொல்லுகிற தேவனிடம் போவது அல்ல. உயிர்த்தெழுந்த உடலிலும் காயத்தழும்புகளை வைத்திருந்து, அவற்றைத் தோமாவுக்குக் காட்டினவரிடம் போவது.

அவர் எப்படிக் குணமாக்குகிறார் என்பதற்குப் பேதுருவைப் பாருங்கள். அவன் மூன்றுமுறை மறுதலித்த இடத்தில் ஒரு கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்தது (யோவான் 18:18). உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவனைச் சந்தித்தபோதும் கரிநெருப்புப் போடப்பட்டிருந்தது (யோவான் 21:9). புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. அந்த நெருப்பின் அருகே, முதலில் சாப்பாடு கொடுத்துவிட்டு, "நீ என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று மூன்றுமுறை கேட்டார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டான், வலித்தது. வலித்த அதே இடத்தில் "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்ற புதிய வார்த்தை வைக்கப்பட்டது.

உங்கள் தாளில் நான்காவதாக எழுதிய தீர்ப்பை எடுத்து, இந்தப் பகுதியையோ, மாற்கு 5ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ளவளாயிருந்த (ஓயாத இரத்தப்போக்கால் வருந்திய) ஸ்திரீயின் பகுதியையோ மெதுவாக வாசித்து, அந்த இடத்தில் நீங்கள் நிற்பதாக எண்ணி, அவர் உங்களிடம் என்ன சொல்லுவார் என்று கேளுங்கள். அந்த ஸ்திரீ உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள். அவர் அவளை "மகளே" என்று அழைத்தார். கிடைக்கிற வசனத்தைத் தீர்ப்புக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மந்திரம்போல நூறுமுறை உச்சரிப்பதால் எதுவும் நடக்காது. பழைய தீர்ப்பு தலைதூக்குகிற நேரத்தில் அதற்கு எதிராக இதை வைக்கவேண்டும் என்பதற்காகவே எழுதச் சொல்லுகிறேன்.

படி 4: நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள்

சொஸ்தமடையும்படிக்கு ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணும்படி யாக்கோபு 5:16 சொல்லுகிறது. எல்லாருக்கும் சொல்லவேண்டியதில்லை, சாட்சி நேரத்தில் மேடையில் சொல்லவேண்டிய அவசியம் அறவே இல்லை. ஒருவர் போதும். அவர் ரகசியம் காப்பவரா, நீங்கள் பேசிமுடிக்குமுன் வசனம் சொல்லத் தொடங்குகிறவரா, உங்களைக் காயப்படுத்தினவருக்குக் கீழ்ப்பட்டவரா என்று பாருங்கள். முதலில் சிறிய ஒரு பகுதியை மட்டும் சொல்லி, அது அவரிடம் எப்படி இருக்கிறது என்று சில வாரங்கள் கவனியுங்கள். காயம் சபையிலேயே ஏற்பட்டது என்றால், அந்தச் சபைக்கு வெளியே உள்ள ஒரு போதகரையோ ஆலோசகரையோ நாடுவது நல்லது.

படி 5: மன்னிப்பு

இந்தப் படியை ஐந்தாவதாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் மன்னிப்பைப்பற்றிய உவமையை இயேசு சொல்லும்போது, அந்த ராஜா முதலில் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறான். பதினாயிரம் தாலந்து என்று தொகை தெரியவருகிறது. பிறகே கடன் மன்னிக்கப்படுகிறது. எவ்வளவு என்று தெரியாத கடனை மன்னித்ததாகச் சொல்ல முடியாது. மேற்கண்ட படிகள் அந்தக் கணக்கைப் பார்ப்பதற்கானவை.

மன்னிப்பது என்றால், பழிவாங்கும் உரிமையை "பழிவாங்குதல் எனக்குரியது" என்றவரின் கையில் ஒப்படைப்பது. நடந்தது சிறியது என்று சொல்வதோ, சட்டம் தண்டிப்பதைத் தடுப்பதோ, மறுபடியும் அதே உறவுக்குள் போய் நிற்பதோ மன்னிப்பு ஆகாது. தாவீது இரண்டுமுறை சவுலைக் கொல்லாமல் விட்டார். "திரும்பிவா" என்று சவுல் அழைத்தபோதோ, திரும்பிப்போகாமல் தன் வழியே போனார் (1 சாமுவேல் 26). 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பவுல், தன் வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில், மூன்றுவிதமான மனிதரைப்பற்றி ஒரே மூச்சில் எழுதுகிறார். ஒருகாலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய மாற்குவை, பிரயோஜனமுள்ளவன் என்று அழைத்துவரச் சொல்லுகிறார். தன்னைக் கைவிட்டவர்களைக் குறித்து, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்கிறார். தனக்கு வெகு தீமை செய்த கன்னானாகிய அலெக்சந்தரைக் கர்த்தரிடத்தில் விட்டுவிட்டு, நீயும் அவனைக் குறித்து எச்சரிக்கையாயிரு என்று தீமோத்தேயுவுக்குச் சொல்லுகிறார். உறவு புதுப்பிக்கப்பட்டவன், மன்னிக்கப்பட்டவர்கள், தூரத்தில் வைக்கப்பட்டவன் என்று மூவகையும் ஒரு பரிசுத்தவானின் கடிதத்தில் இருக்கலாம் என்றால், உங்கள் வாழ்விலும் இருக்கலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்றுதான் ரோமர் 12:18இலும் அவர் எழுதினார்.

யோசேப்பின் சரித்திரத்தில் காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். சகோதரர் அவனை விற்ற பகுதி தொடங்கும்போது அவனுக்கு வயது 17; பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30; அதன்பின் செழிப்பான ஏழு வருஷமும் பஞ்சத்தில் இரண்டு வருஷமும் கழிந்தே சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தினான். இருபத்திரண்டு ஆண்டுகள். இடையில் பிறந்த மூத்த மகனுக்கு, தேவன் என் வருத்தம் யாவையும் மறக்கப்பண்ணினார் என்ற பொருளில் மனாசே என்று பேரிட்டான். மறந்துவிட்டதாகவே நினைத்திருக்கிறான். சகோதரர் வாசலில் வந்து நின்றதும் கடினமாய்ப் பேசினான், பின்பு அவர்களைவிட்டு அப்புறம் போய் அழுதான். தன்னை உடனே வெளிப்படுத்தாமல் அவர்களைச் சோதித்தான். தன்னை விற்கும்படி யோசனை சொன்ன அதே யூதா, பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாயிருக்கிறேன் என்று முன்வந்த பிறகே அவனால் அடக்கிக்கொள்ள முடியாமல்போயிற்று. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே உறவின் கதவைத் திறந்தான். இதில் அவன் தவறியதாக வேதம் எங்கும் சொல்லவில்லை.

நடைமுறையில், அந்த நபரின் பெயரைச் சொல்லி, அவர் எனக்குச் செய்த இன்னின்ன காரியத்தின் கடனை உம்மிடம் ஒப்படைக்கிறேன் என்று ஜெபியுங்கள். மறுநாள் கோபம் திரும்பி வந்தால், நேற்று மன்னித்தது பொய் என்று எண்ணாமல், மறுபடியும் ஒப்படையுங்கள். ஏழெழுபதுதரம் என்று பேதுருவுக்குச் சொல்லப்பட்டதை, ஒரே குற்றத்தைத் திரும்பத் திரும்ப மன்னிக்கவேண்டியிருப்பதற்கும் சேர்த்தே நான் வாசிக்கிறேன். இன்னும் முடியவில்லை என்றால், "மன்னிக்க விரும்பவும் எனக்கு விருப்பமில்லை" என்று அவரிடமே சொல்லலாம். அதுவும் ஜெபமே.

படி 6: உங்களுடையதையும் உங்களுடையதல்லாததையும் பிரியுங்கள்

காயப்பட்ட பிறகு நாம் பிறரைக் காயப்படுத்தியிருந்தால், அது நம்முடையது. அறிக்கையிட்டு, இயன்றால் ஒப்புரவாகவேண்டும். நமக்குச் செய்யப்பட்டது நம்முடையதல்ல. தனக்கு நேர்ந்த கொடுமைக்காகத் தானே மனந்திரும்ப முயன்றுகொண்டிருக்கிறவர் பலர் உண்டு. செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கிடைப்பதில்லை என்பதால் அந்தப் பாரம் இறங்குவதேயில்லை.

படி 7: வலி திரும்பி வரும் நாட்களுக்கு ஆயத்தமாயிருங்கள்

பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு தொட்டபோது, முதலில் அவன் மனுஷரை நடக்கிற மரங்களைப்போலக் கண்டான். இரண்டாம்முறை கைகளை வைத்த பிறகே தெளிவாய்க் கண்டான் (மாற்கு 8:22-25). பாதிக் குணமான நிலையை அவன் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. இழப்பின் ஆண்டு நாள், குடும்பம் கூடும் நாள், அவருடைய குரல்போல ஒரு குரல் என்று எதுவும் பழைய வலியைக் கொண்டுவரலாம். அந்த நாட்களை முன்கூட்டியே குறித்துவைத்து, யாரோடு இருப்பீர்கள், எந்தச் சங்கீதத்தை வாசிப்பீர்கள் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். குணம் வருகிறதற்கு அடையாளம் வலியே இல்லாமற்போவது அல்ல. முன்பு ஒரு மாதம் படுக்கவைத்த வலி இப்போது ஒரு மாலையோடு கடந்துபோவது, அந்தப் பழைய தீர்ப்பு வரும்போது அது பொய் என்று உடனே தெரிவது, அந்த நபரின் பெயரைக் கேட்டும் மூச்சு இயல்பாய் இருப்பது போன்றவையே.

தேவன் நமக்கு ஆறுதல்செய்வது, நாமும் உபத்திரவத்தில் அகப்பட்டவர்களுக்கு ஆறுதல்செய்யத் திராணியுள்ளவர்களாகும்படி என்று 2 கொரிந்தியர் 1:4 சொல்லுகிறது. இதற்கு அவசரப்படவேண்டாம், இன்னும் இரத்தம் கசிகிற காயத்தோடு பிறருக்கு ஊழியம் செய்யப்போவது இருவரையும் வருத்தும். யோபுவின் சிநேகிதர் முதல் ஏழு நாளும் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாய்திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகே கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள். எனவே ஒருவர் தம் காயத்தை உங்களிடம் முதன்முதலாகச் சொல்லவருகிற நாளில், உங்கள் கதையையும் உங்களுக்குக் கிடைத்த வசனத்தையும் கையில் எடுக்காதீர்கள். அவர் நிறுத்துகிறவரை கேளுங்கள். நிறுத்தின பிறகும் சற்றுப் பொறுத்து, இன்னும் ஏதாவது சொல்லவேண்டியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.